ஆமைக்கு நேஷனல் பர்மிட்

மாட்டின் வாயோரத்தில் கடைசியாகத் தெரிந்தது, ஆமை பிடித்திருந்த குடையின் கைப்பிடி. சென்னிமலை பாய்ந்து போய் அதைப் பிடிப்பதற்குள் மாடு நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றி அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு, இன்னும் ஏதாவது உண்டா என்பது போல அவனை ஏறிட்டுப் பார்த்தது.

"பாப்பாயக்கா, உங்க மாடு ஆமையைத் தின்னுபோட்டுது" என்றான் சென்னிமலை. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

கயிற்றைப் பிடித்தபடி கற்பூரத் தட்டைக் கும்பிட்டுக்கொண்டிருந்த பாப்பாயி திரும்பினாள். "எங்க மாடு அதெல்லாம் தொடாதுங்க சாமி. சுத்த சைவம்."

"நெசமான ஆமை இல்லீங்க. படம். சொவத்துல இருந்த படம்."

"அப்ப சைவந்தானே" என்றாள் பாப்பாயி நிம்மதியாக.

நாமக்கல்லில் புதுக் கட்டடம் எதுவானாலும் மனிதர் நுழையும் முன்னால் மாடும் கன்றும் நுழைய வேண்டும். வீடு, ரைஸ் மில், லாரி ஷெட் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மியூசியத்துக்கும் அது பொருந்துமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு முன் மியூசியம் இருந்ததில்லை.

அது இருந்ததில்லை என்பதுதான் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை முதலாளி சின்னண்ணனுக்குப் பிடித்த விஷயம். அவருடைய பங்காளி ஒருவர் கல்யாண மண்டபம் கட்டினார். இன்னொருவர் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தார். ஊரே அவர்களைப் பற்றிப் பேசியது. சின்னண்ணனுக்கு அந்த வருஷம் முழுவதும் சோறு இறங்கவில்லை. உலகமெல்லாம் குழந்தைகள் ஆண்டு கொண்டாடிய சமயம் சென்னைக்குப் போனவர், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் குழந்தைப் புத்தகப் படங்களின் கண்காட்சி ஒன்றைப் பார்த்தார். படங்கள் அவருக்குப் பிடித்தனவா என்று தெரியாது. "நம்ம சுத்துப்பட்டுல இது ஒருத்தன்கிட்டயும் இல்லை" என்பது மட்டும் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டே வருஷத்தில் தாயார் பெயரில் 'ஆத்தாயி அம்மாள் சிறுவர் கதைச் சித்திரக் காட்சியகம்' எழும்பி நின்றது. பழைய கதைப் புத்தகங்கள், சிறுவர் பத்திரிகை அட்டைகள், அச்சுக்கூடங்களில் தூசி தின்றுகொண்டிருந்த பட பிளாக்குகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

அதற்குக் காப்பாளர் சென்னிமலை. அதுவரை சேகோ ஆலையில் மாவு காயப் போடும் களத்துக்கு மேஸ்திரியாக இருந்து, மாவோடு மாவாக வெயிலில் காய்ந்தவன். இங்கே அவன் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு ஃபேன் சுற்றியது. வாழ்க்கையில் இதற்கு மேல் ஒரு மனிதன் எதற்கு ஆசைப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் சின்னண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு படத்துக்குச் சேதாரம் ஆச்சுன்னா, சென்னிமலை, அடுத்த நாளே நீ களத்துல நிப்ப."

இன்றைக்குச் சேதாரம் ஆனது சாதாரணப் படமில்லை. 'மழைக்குப் பயந்த ஆமை' என்ற பழைய கதைப் புத்தகத்துக்கு எருமப்பட்டி ஓவியர் தீர்த்தகிரி வரைந்த அசல் படம். காட்சியகத்தில் இருந்த ஒரே அசல். அதைத்தான் சின்னண்ணன் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். மாலை நான்கு மணித் திறப்பு விழாவில் ஓவியரே வந்து திரையை விலக்குவதாக ஏற்பாடு.

படம் முந்தின நாள்தான் துணியில் சுருட்டி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சின்னண்ணன் சேலத்தில் இருந்தார். சென்னிமலை மட்டும் பிரித்துப் பார்த்தான். முதுகில் ஒரு வீட்டையே சுமந்துகொண்டு, நாலு தூறலுக்குப் பயந்து குடை பிடித்தபடி நின்றது ஆமை. அதன் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து ஆளில்லாத ஹாலில் சென்னிமலை தனியாகச் சிரித்தான். தன் மாமனார் தூறலில் நிற்பது நினைவுக்கு வரவே இன்னொரு தடவை சிரித்தான். அந்தப் படம் அவனுக்கு நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

கண்ணாடிச் சட்டம் சேலத்திலிருந்து வந்து சேரவில்லை. அதற்காக அவன் கலங்கவில்லை. கிழங்கு மாவுப் பசையில் ஒட்டாத பொருள் உலகத்தில் கிடையாது என்பது சேகோ ஆலைக்காரர்களின் நம்பிக்கை. ஒரு சட்டி பசை காய்ச்சினான். பூச்சி அரிக்காமல் இருக்க வழக்கமாகக் கலக்கும் மயில்துத்த விஷத்தை, குழந்தைகள் தொடுவார்களே என்று தவிர்த்தான். அதற்குப் பதிலாக, பசை புளித்துப்போகாமல் இருக்க ஒரு கை உப்பைப் போட்டு, பலகையில் படத்தை ஒட்டி மாட்டினான். குழந்தைகளின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

குழந்தைகளின் கண் இருக்கும் உயரமும் மாட்டின் வாய் இருக்கும் உயரமும் ஒன்றேதான் என்பது அவனுக்கு இன்று காலையில்தான் விளங்கியது.

பலகையில் மிச்சமிருந்தது ஒரு மூலை. அதில் ஓவியரின் கையெழுத்து இருந்தது. அதையாவது காப்பாற்றலாம் என்று அவன் குனிந்தபோது, மாட்டின் வயிற்றுக்கடியிலிருந்து கன்றுக்குட்டி தலையை நீட்டி அதை நக்கி எடுத்துக்கொண்டது.

"ஏனுங்கக்கா, கன்னு வேற எதுக்குங்க?"

"கூடக் கூட்டிட்டு வந்தாத்தானே தொழில் பழகும்? இவ ஆத்தா காலத்துல இருந்து எங்க மாடு போகாத புது ஊடு இந்தச் சுத்துப்பட்டுல இல்லீங்க. நேரா ஈசானி மூலையிலதான் போயி நிக்கும். இத்தன வருசத்துல ஒரு ஊட்டுக்காரங்க ஒரு கொறை சொன்னதில்லை."

"நானும் சொல்லலை. நீங்களும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"நானெதுக்குங்க சொல்றேன்? சாயங்காலம் மொதலாளி சேலை தர்றேன்னிருக்கறாரு" என்று சொல்லிவிட்டு, பாப்பாயி மாட்டையும் கன்றையும் பின்பக்க வேப்பமரத்தடியில் கட்டப் போனாள்.

வாசலில் சின்னண்ணனின் கார் உறுமும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வராமல் ஜன்னல் வழியாகவே கத்தினார். "சென்னிமலை, நான் எருமப்பட்டிக்குப் போயி அய்யாவைக் கூட்டிட்டு வாரேன். படத்து மேல ஒரு ஈ உக்காரக் கூடாது."

"உக்காராதுங்க" என்றான் சென்னிமலை. உட்கார இடம் இருந்தால்தானே.

அவன் மூளை வேகமாக வேலை செய்தது. வேகமாகத்தான் செய்தது, சரியாகச் செய்தது என்று சொல்ல முடியாது. அசல் போனால் என்ன, அச்சான புத்தகம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறதே. திறந்தான். ஊரெல்லாம் தேடிக் கிடைத்த ஒரே பிரதி. சவர பிளேடால் ஆமைப் பக்கத்தை ஒட்ட அறுத்து எடுத்துப் பலகையில் ஒட்டினான். நாலடி தள்ளி நின்று பார்த்தான். அத்தனை பெரிய பலகையில் அது தீப்பெட்டிப் படம் மாதிரி இருந்தது. இப்போது படமும் இல்லை, புத்தகத்தில் பக்கமும் இல்லை.

ஒட்டியதைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பலகையைச் சைக்கிள் கேரியரில் கட்டி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்கு மிதித்தான்.

அங்கே செங்கோடன் ஒரு லாரியின் பின்கதவில் மயிலுக்கு இறகு விரித்துக்கொண்டிருந்தார். நாமக்கல் லாரிகளில் பாதிக்கு மேல் அவர் கைவண்ணம்தான். சென்னிமலை நடந்ததைச் சொல்லாமல், நடக்க வேண்டியதை மட்டும் சொன்னான்.

"ஆமைங்களா? மயிலுன்னாக் கண்ணை மூடிட்டுப் போடுவேன்" என்றார் செங்கோடன்.

"கண்ணைத் தொறந்துட்டு ஆமையைப் போடுங்க. இந்தாங்க, இதே மாதிரி. கொஞ்சம் பெருசா. மத்தியானத்துக்குள்ள வேணும்."

செங்கோடன் புத்தகப் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப நோஞ்சானா இருக்குதுங்க. லோடு தாங்காது."

"லோடு இல்லீங்க. குடை மட்டுந்தான்."

ஆனால் கை ஓட ஆரம்பித்ததும் செங்கோடன் வேறு ஆளாகிவிட்டார். பலகையில் ஆமை உருண்டு திரண்டு எழுந்தது. கால் நாலு, தலை ஒன்று, குடை ஒன்று. சென்னிமலைக்கு உயிர் வந்தது. பக்கத்துக் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வரலாம் என்று போனான். அன்றைக்கு அவன் செய்த தப்புகளில் அதுதான் தலையானது.

திரும்பி வந்தபோது ஆமைக்கு இருபுறமும் தாமரை பூத்திருந்தது. ஆமைக்கு முறுக்கு மீசை. குடைக்கு மேலே கோரைப்பல்லோடு நாக்கைத் தொங்கப் போட்ட திருஷ்டி முகம். ஓட்டின் குறுக்கே மஞ்சள் எழுத்தில், சிவப்பு நிழலோடு, 'நேஷனல் பர்மிட்'.

"இது என்னுங்க?"

"முதுகு காலியாக் கெடந்துது. காலியா உட்டா வண்டி பொறப்படாதுங்க."

"வண்டி இல்லீங்க, ஆமை. கொழந்தைங்க பாக்கற ஆமை."

"அதுக்குத்தான் திருஷ்டியும் போட்டிருக்கறேன். கொழந்தைங்க கண்ணு பொல்லாத கண்ணு."

சென்னிமலை துணியைப் பெயிண்ட் தின்னரில் நனைத்துக்கொண்டு மீசையைத் துடைக்கப் போனான். மீசை கரைந்து தாடியாக இறங்கியது. நேஷனல் பர்மிட்டைத் தேய்த்தான். அது மட்டும் அசையவில்லை.

"அது அழியறாப்பல இருந்தா ஆர்.டி.ஓ. ஆபீசுல உடுவாங்களா?" என்றார் செங்கோடன் பெருமையாக.

"அந்தப் புத்தகக் காயிதத்தையாவது குடுங்க."

செங்கோடன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கீழே கிடந்த, எல்லா நிறமும் அப்பிய ஒரு கசங்கலைக் காலால் காட்டினார். "அதுங்களா? ப்ரஷ் தொடச்சனே."

மணி மூன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. பெயிண்ட் காயவில்லை. ஈரப் பலகையைச் சைக்கிளில் கட்ட முடியாது. அழுகை வரும் நிலைமையில் ரோட்டோரம் நின்றவன், வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் அது சேலத்தில் கோழிகளை இறக்கிவிட்டுக் காலிக் கூண்டுகளோடு திரும்புகிற லாரி என்று தெரிந்தது. யோசிக்க நேரமில்லை. கூண்டுகளுக்கு நடுவில் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றான்.

டிரைவருக்கு என்ன அவசரமோ, லாரி பறந்தது. கூண்டுகளில் மிச்சமிருந்த இறகுகளும் பறந்தன. பறந்தவை போய் உட்கார உலகத்தில் வேறு இடம் இல்லாதது போல எல்லாம் பலகையையே தேடி வந்தன. மியூசியத்தின் பின்வாசலில் இறங்கியபோது, தாடி வைத்த ஆமை உடம்பெல்லாம் வெள்ளை இறகு முளைத்து, அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி குடையின் கீழ் உட்கார்ந்திருந்தது. ஒரு இறகைப் பிடுங்கினான். கூடவே ஆமையின் கண் வந்தது. அதற்கு மேல் பிடுங்க அவனுக்குத் தைரியமில்லை. கண்ணை மட்டும் கட்டைவிரலால் திரும்ப அழுத்தி ஒட்டினான். அது கொஞ்சம் மேலே பார்த்தபடி ஒட்டிக்கொண்டது.

பலகையை மாட்டித் திரையை இழுத்து விடுவதற்கும் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். சின்னண்ணன் பட்டுச் சட்டையில் வியர்வை மின்ன நின்றார். ஓவியர் தீர்த்தகிரி ஒல்லியான மனிதர். கதர் ஜிப்பா, தோளில் துண்டு. வந்ததிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார். வெயில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அய்யா கையாலயே திரையை எடுங்க" என்றார் சின்னண்ணன்.

சென்னிமலை தலையை நிமிர்த்தித் தன் ஃபேனைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அது பாட்டுக்கு நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

திரை விலகியது.

திருஷ்டி முகம் எல்லோரையும் பார்த்து நாக்கை நீட்டியது. ஆமை மட்டும் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், ஆமை முட்டை உடப்போகுது."

அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். டீச்சர்கள் அதட்டப் போய், முடியாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

சின்னண்ணன் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். சென்னிமலையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் களமும் வெயிலும் தெரிந்தன. பிறகு ஓவியர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கய்யா, இது உங்க கையால வரைஞ்சதுதானுங்களா?"

தீர்த்தகிரியின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. படத்தைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"என் கைதானுங்க" என்றார். "வேற யாரு கை?"

சென்னிமலை தன் காதையே நம்பவில்லை.

"அந்த எறகு?"

"ஆமைக்குப் பறக்கோணும்னு ஆசைங்க. அதைக் காட்டியிருக்கறேன்."

"சரிங்க. நேஷனல் பர்மிட்டு?"

ஓவியர் துண்டை மறு தோளுக்கு மாற்றினார். "மெதுவாப் போறவனும் எல்லா ஊருக்கும் போகலாம், யாரும் தடுக்கப்படாது. அதைத்தான் கொழந்தைங்களுக்குச் சொல்லியிருக்கறேன்."

இரண்டு லாரிகளுக்கு நேஷனல் பர்மிட் வாங்கச் செருப்புத் தேய அலைந்தவர் சின்னண்ணன். அவர் கண் கலங்கிவிட்டது. "அசல்னா அசல்தானுங்க. புத்தகத்துல போடறப்ப இதையெல்லாம் அச்சாபீசுக்காரங்க உட்டுப்போட்டாங்க பாருங்க" என்று ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த உற்சாகத்திலேயே, பக்கத்தில் இதைவிடப் பெரிதாக இன்னொரு ஹால் கட்டி, ஐயாவின் படங்களை மட்டும் வைக்கப்போவதாக மைக்கில் அறிவித்தார். போகிற போக்கில் சென்னிமலையின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் சென்னிமலை ஓவியரைத் தேடிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். அவர் வேப்பமரத்தடித் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அய்யா, நீங்க எனக்குத் தெய்வமுங்க" என்று காலில் விழப்போனான். "மாடு படத்தைத் தின்னது தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்காம..."

ஓவியரின் கையிலிருந்து சொம்பு கீழே விழுந்தது. "மாடு தின்னதை உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. என் கண்ணு முன்னாலதான்."

"நீங்க எப்படி அங்க வந்தீங்க? அன்னைக்குச் சொந்தக்காரங்க மட்டுந்தானே வந்திருந்தாங்க."

"எங்கீங்க?"

"எருமப்பட்டியிலதான். எங்க புது ஊட்டுப் புண்ணியார்ச்சனையில."

சென்னிமலை மெதுவாக, காலையில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னான். கேட்கக் கேட்க ஓவியரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. முடிவில் அவர் தொட்டிக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அசல் படம் ஊடு கட்டின அன்னைக்கே போயிருச்சுங்க தம்பி. வர்றவங்க பாக்கட்டும்னு கூடத்துச் சொவத்துல ஒட்டி வெச்சிருந்தேன். ஊட்டுக்குள்ள மொதல்ல வந்த மாடு நேரா அதுகிட்டத்தான் போச்சு. வெளிய சொன்னாச் சிரிப்பாங்கன்னு மூச்சு உடலை. உங்க மொதலாளி வந்து அசல் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. போன வாரந்தான் ஞாபகத்துல இருந்து மறுபடி வரைஞ்சு அனுப்பினேன்."

"அப்ப இன்னைக்கு மாடு தின்னது அசல் இல்லீங்களா?"

"நகலுதானுங்க. திரையை எடுத்ததும், உங்க மொதலாளி எல்லாத்தையும் கண்டுபுடிச்சு, வேணும்னே இப்படி ஒண்ணை மாட்டி வெச்சு என்னை ஆழம் பாக்கறாருன்னு நெனச்சேன். இது என்னுது இல்லைன்னு சொன்னா, அப்ப உங்களுது எங்கேன்னு கேப்பாரு. அதான் எறகு, பர்மிட்டு எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேன்."

சென்னிமலைக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. அது இனித் தன்னுடையதுதான் என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஓவியருக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"நீங்களும் கிழங்கு மாவுப் பசையிலதான் ஒட்டினீங்களா?" என்றான் சென்னிமலை.

"இந்தச் சீமையில வேற எதுல ஒட்டறது? இருந்தாலும் என் படத்துல அப்படி என்ன ருசின்னுதான் தெரியலை. எருமப்பட்டியில ஒரு மாடு, நாமக்கல்லுல ஒரு மாடு."

மரத்துக்கு அந்தப் பக்கம், புதுச் சேலையை மடியில் செருகிக்கொண்டு மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த பாப்பாயி தலையை நீட்டினாள்.

"எருமப்பட்டியில தின்னது இவளோட ஆத்தாளுங்க சாமி. அடுத்த ஹாலுக்கு இவ மகளைக் கூட்டிட்டு வாரேன்."